ஒரு தடவைதான் அழுத்தினேன்

பிர்னோவில் என் மேஜை, ஜன்னலில் ட்ராம் கம்பி.
அவள் கணினி நார்வேயின் வடக்கே, பூடோவில்.
நடுவே ஓர் அனுமதி எண்ணும்
இருவருக்கும் தாய்மொழியல்லாத ஆங்கிலமும்.

'ஒரு சுரம் வைக்கிறேன், பாருங்கள்' என்கிறாள் குன்வோர்.
விசை இறங்கும் சத்தம் தொலைபேசியில் கேட்கிறது.
மின்னலுக்குப் பின் இடிக்கு எண்ணுவதுபோல் எண்ணுகிறேன்.
ஒன்று, இரண்டு, மூன்று,
நான்கில்
வந்து உட்கார்கிறது கறுப்புப் புள்ளி
இரண்டாம் வயோலாவின் கோட்டில்,
எதுவும் நடக்காத முகத்தோடு.

நாளைக் காலை பத்துக்கு ஒத்திகை.
நாற்பத்தோரு பேருக்குத் தாள் அச்சாக வேண்டும்.

எனக்கு இசை வாசிக்கத் தெரியாது.
ஆறு வருடமாக இந்த மென்பொருளுக்கு வைத்தியம் பார்க்கிறேன்,
இன்னும் அந்தப் புள்ளிகள்
கோடு போட்ட தாளில் சிந்திய கசகசாதான்.

வழக்கமானவற்றில் தொடங்கினேன்.
ஒலிக்கோப்புகளை இறக்கினேன். நான்கு விநாடி.
பக்கப் பலகைகளை மூடினேன். நான்கு.
எழுத்துருவை மாற்றினேன்,
கடைசியில், எல்லோரும் எதிர்பார்ப்பதுபோல், அணைத்துப் போட்டேன்.
அணைந்திருந்த இரண்டு நிமிடத்தில் அவள் சொன்னாள்:
டிசம்பர் பாதியிலிருந்து வெயில்
மலைக்கு இந்தப் பக்கம் வரவில்லையாம்.
கணினி எழுந்தது.
மூன்று புள்ளி எட்டு.

பிறகு பாதியை வெட்டினேன்.
பதறினாள். நகல்தான், என்றேன்.
இருநூற்று நாற்பது தாளக்கட்டங்களில்
பின்பாதி போயும் வேகம் திரும்பவில்லை.
அப்படியானால் முன்பாதி. அதில் பாதி. அதிலும் பாதி.
இங்கே வலிக்கிறதா, இங்கே, என்று
வயிற்றை அமுக்கிப் பார்ப்பதுபோல்.
ஏழு கட்டங்கள் மிஞ்சின.
புல்லாங்குழலுக்கு ஓய்வு, கொம்புகளுக்கு ஓய்வு,
ஏறக்குறைய எல்லோரும் சும்மா இருக்கும் இடம்.

மறைத்ததைக் காட்டு.
அந்தக் கட்டளையை முதலிலேயே கொடுத்திருக்கலாம், என் தவறு.
திரை உறைந்தது.
காப்பி எடுத்து வந்தேன். உறைந்தே இருந்தது.
பிறகு சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு சொல்.
எண்ணிக்கையைத் திறந்தால்
ஒன்றின்மேல் ஒன்றாய், இம்மியும் விலகாமல்,
ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.
முழுப் பூசணிக்காய். மேலே சோறு மட்டும் வெள்ளையாய்.

'என்ன போட்டிருக்கிறது?'
இத்தாலியச் சொல். குன்வோர் வாசித்தாள்:
'இன்னும் மெதுவாக.'

எனக்குச் சிரிப்பு வந்தது.
அவளுக்கு வரவில்லை.

நாற்காலி நகரும் ஓசை. ஓர் ஆண்குரல்.
இயற்றிய எய்லெர்ட், இவ்வளவு நேரமும்
அந்த அறையில்தான் இருந்திருக்கிறார்.
'நான் ஒரு தடவைதான் அழுத்தினேன்.'
கொஞ்சம் கழித்து,
'வரவில்லை. அதனால் இன்னொரு தடவை.'
அப்புறம் விரலை எடுக்காமலே.

பதில் சொல்லாததைச் செவிடென்று எடுத்துக்கொண்டார்.
அதுவோ கேட்டுக்கொண்டேதான் இருந்தது.
ஒன்றையும் தவறவிடாமல் வரிசையில் நிறுத்தி,
அவர் தூங்கப் போன பிறகு
ஒவ்வொன்றாய் வைத்து முடித்திருக்கிறது.
காலையில் தார்போலத் தடித்துக் கிடந்த சொல்லைப் பார்த்து,
பிடிக்காமல், மொத்தமாக மறைத்துவிட்டார்.

அழிக்கட்டுமா?
'ஒன்றை விடுங்கள். அங்கே மெதுவாகத்தான் போக வேண்டும்.'
எந்த ஒன்றை?
எல்லாம் ஒரே அச்சு.
அடியில் கிடந்ததை விட்டேன்,
அவர் உண்மையாகவே அழுத்தியது அதுதானே.

குன்வோர் ஒரு சுரம் வைத்தாள்.
நான் வாய் திறக்குமுன் உட்கார்ந்துவிட்டது.
இன்னொன்று. இன்னொன்று.
நன்றி சொல்ல மறந்து வைத்துக்கொண்டே போனாள்,
தொடர்பை அறுக்க மறந்து நானும் பார்த்திருந்தேன்,
கைநிறையக் கசகசா.

வேலையை முடிக்க ஒரு படிவம் உண்டு.
காரணம் என்ற கட்டத்தில்
அம்புக்குறி 'பயனர் பிழை'யின் மேல் கொஞ்சம் நின்றது.
கீழே இறக்கி 'மற்றவை' என்று அழுத்தினேன்.

வரவில்லை.

இன்னொரு தடவை அழுத்தப் போன விரலை
கோப்பையின் காதில் மாட்டிவைத்தேன்.